நண்பர்கள் ஸ்குவாடா, ராண்டம் ஸ்குவாடா?

பிஜிஎம்ஐ என்கிற மொபைல் துப்பாக்கிச் சண்டை கேமில் நாலு பேர் சேர்ந்தால் ஒரு ஸ்குவாடு, அதாவது அணி. தெரிந்தவர்களோடு களத்தில் குதிப்பதா, முகம் தெரியாத மூவரோடா?

நண்பர்கள் என்றால் மைக்கில் பாதி நேரம் ஊர்க்கதைதான். எராங்கல் மேப்பில், பொச்சிங்கி என்கிற ஊரில் ஒரு வீட்டு மாடியில் பதுங்கியிருப்போம். "டேய், அங்க ஒருத்தன் நிக்கிறான்டா!" என்று ஒருவன் கத்துவான். எங்கே? "அந்த மரத்துக்குப் பக்கத்துலடா!" மேப் முழுக்க மரம். திரையின் மேலே திசைகாட்டி ஓடுகிறது, 245 என்று எண்ணைச் சொன்னால் போதும். சொல்லமாட்டான். ஆனால் நான் விழுந்தால், தானும் சாகப்போகிறோம் என்று தெரிந்தே மறைவுக்கு ஸ்மோக் (புகைக்குண்டு) வீசிவிட்டு ஓடிவந்து எழுப்புவான்.

ராண்டம் ஆட்களிடம் அந்தப் பாசம் கிடைக்காது. பலர் மைக்கே போடமாட்டார்கள். போட்டாலும் இந்தியோ தெலுங்கோ. அதனால் மேப்பில் இடத்தைக் குறித்துக் காட்டும் மார்க்கர்தான் மொழி. பேசாமலே சேர்ந்து ஆடலாம் என்பதை 2019இல் வந்த ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ் கேமின் பிங் முறை (பொத்தானை அழுத்தி இடத்தையோ எதிரியையோ அணிக்குக் காட்டுவது) நன்றாகவே காட்டியது. அப்புறம், கெட்ட வார்த்தை வந்தால் மியூட் பொத்தான் இருக்கிறது. நண்பனை மியூட் செய்தால் மறுநாள் டீக்கடையில் பதில் சொல்லவேண்டும்.

ரேங்க் ஏற எனக்கு ராண்டம்தான் சரிப்படுகிறது. ஞாயிறு ராத்திரி மட்டும் நம்ம பசங்க.