80 ரூபாய் ரெஸ்லிங் ட்ரம்ப் கார்டும் அதில் இல்லாத கதைகளும்

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஃபேன்சி சாமான் மொத்தக் கடைகள் இருக்கும் சந்துகளில், டிவியில் வரும் ரெஸ்லிங் வீரர்கள் படம் போட்ட சீட்டு விளையாட்டான ரெஸ்லிங் ட்ரம்ப் கார்டு இன்னும் கிடைக்கிறது. பாக்கெட் 80 ரூபாய். பெட்டியில் தயாரித்தவர் பெயரோ ஊரோ போடவில்லை. அதனால் அடையாளம் மட்டும் சொல்கிறேன்: சிவப்புப் பெட்டி, முன்பக்கம் கறுப்புத் தொப்பியோடு ரெஸ்லிங் வீரர் அண்டர்டேக்கர் படம். அண்ணன் மகன் பரீட்சை முடித்திருந்தான், அவனுக்காக வாங்கினேன்.

முதலில் அட்டையைப் பற்றி. நான் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கிறவன். 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம்) இருக்கும் என்று தொட்டதுமே தெரிந்தது. இந்த விலைக்கு அது பரவாயில்லை. ஆனால் முன்பக்கம் மட்டும் லேமினேஷன் போட்டுவிட்டு பின்பக்கத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டால் அட்டை வளையும், நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம் வளையும். நாலைந்து அட்டையில் ரெஜிஸ்டர் விலகி, அதாவது நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராமல், மெஜந்தா தனியாகத் தெரிகிறது. மூலைகளை வட்டமாக வெட்டியிருப்பது சுத்தமாக இருக்கிறது, பையன்கள் கையில் கீறாது. அட்டைகளைக் கலைத்துப் போட வசதியான அளவு.

விளையாட்டு அதே பழைய விளையாட்டுதான். ரேங்க், ஹைட், வெயிட், செஸ்ட், பைசெப்ஸ், ஆடிய சண்டை, ஜெயித்த சண்டை. மேலே இருக்கும் அட்டையைப் பார்த்து ஒன்றைச் சொல்ல வேண்டும், யாருடைய எண் பெரியதோ (ரேங்க் என்றால் சிறியதோ) அவனுக்கு எதிராளியின் அட்டை. செல்லூரில் நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து பொழுது போவது தெரியாமல் ஆடியது இதுதான். ஜெயித்த சண்டை எத்தனை என்று போட்டிருக்கும் எண்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கு அப்போதும் விளக்கம் கிடையாது, இப்போதும் கிடையாது.

என் மனக்குறை அதில் இல்லை. இந்த எண்களை வைத்துப் பார்த்தால் யார் பெரிய ஆள் என்பதே தப்பாகத் தெரியும். 'ஹைட்' என்று சொன்னால் ஜயன்ட் கோன்சாலஸ் அட்டையை யாராலும் வெல்ல முடியாது. அர்ஜென்டினாவில் கூடைப்பந்து ஆடிய அந்த மனிதரை, ரெஸ்லிங் நடத்தும் அமெரிக்க நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இப்போது டபிள்யூ.டபிள்யூ.இ) எட்டடி உயரம் என்றே அறிவித்தது. ஆனால் அவருக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு கதை அமையவில்லை. 1993இல் லாஸ் வேகாஸில் நடந்த, அவர்களுடைய வருடாந்தரப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவின் ஒன்பதாவதில் அண்டர்டேக்கர் முகத்தில் மயக்க மருந்துத் துணியை வைத்து அமுக்கினார், தகுதி நீக்கத்தில் தோற்றார், கொஞ்ச நாளில் போயும்விட்டார். இந்தப் பாக்கெட்டிலேயே பலவீனமான அட்டை ரே மிஸ்டீரியோ. ஐந்தடி ஆறு அங்குலம், 175 பவுண்டு. எதைச் சொன்னாலும் தோற்கும். அதே மிஸ்டீரியோ, முப்பது பேர் ஒவ்வொருவராக இறங்கும் ராயல் ரம்பிள் சண்டையில் 2006இல் இரண்டாவது ஆளாக இறங்கி, ஒரு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்து, கடைசி ஆளாக நின்றார். முந்தைய நவம்பரில் இறந்துபோன நண்பர் எடி குரேரோ பெயரைச் சொல்லிச் சொல்லி அந்தச் சண்டையைப் போட்டார். அந்த ஏப்ரலில் ரெஸில்மேனியாவில் சாம்பியன் பெல்ட்டை வாங்கினார். அதைப் பார்த்தவர்கள் 'பைசெப்ஸ் எத்தனை இன்ச்' என்று கேட்க மாட்டார்கள்.

இந்தப் பாக்கெட்டில் ஓவன் ஹார்ட் இல்லை. பிரெட் ஹார்ட் இருக்கிறார், தம்பி இல்லை. இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அந்த இரண்டு அட்டையும் சேர்ந்துதான் இருக்க வேண்டும்.

அந்தக் கதை தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். 1994 ஜனவரி, ராயல் ரம்பிள் நிகழ்ச்சியில் இன்னொரு சண்டை. அண்ணன் தம்பி இருவரும் ஒரே அணியாகச் சண்டை போடுகிறார்கள். பிரெட்டுக்கு முழங்காலில் அடி. தம்பியிடம் மாற்றிவிடாமல் தானே போராடுகிறார், நடுவர் சண்டையை நிறுத்திவிடுகிறார். ஓவனுக்கு ஆத்திரம். எழுந்து நிற்கவே முடியாத அண்ணனின் அந்தக் காலிலேயே உதைக்கிறான். மார்ச்சில் பத்தாவது ரெஸில்மேனியா, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில். முதல் சண்டையிலேயே தம்பி அண்ணனை நேர்மையாக ஜெயிக்கிறான். அதே இரவில் அண்ணன் யோகோசூனாவை வென்று சாம்பியன் ஆகிறார். எல்லோரும் அவரைத் தூக்கிக் கொண்டாடும்போது ஓவன் வந்து நின்று பார்க்கிறான். ஒரு வார்த்தை பேசவில்லை. 'உன்னை இன்றைக்குத் தோற்கடித்தவன் நான், பெல்ட் உனக்கா' என்று அந்த முகத்தில் எழுதியிருக்கும்.

நவம்பரில் சர்வைவர் சீரிஸ். பாப் பேக்லண்ட் பிடியில் பிரெட் சிக்கிக் கிடக்கிறார். துண்டை உள்ளே எறிந்தால்தான் சண்டை முடியும். ஓவன் கண்ணீரும் கம்பலையுமாக, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சொந்த அம்மாவிடம் போய்க் கெஞ்சுகிறான்: அண்ணனைக் காப்பாற்று, துண்டை எறி என்று. அப்பா வேண்டாம் என்கிறார். அம்மா மனசு கேட்குமா? எறிந்துவிடுகிறார். பெல்ட் போனது. அடுத்த நொடி ஓவன் சிரித்துக்கொண்டே ஓடுகிறான். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா வேடிக்கை பார்க்க வந்தவர், ஆங்கிலம் ஒரு எழுத்துத் தெரியாதவர், "பெத்தவளையே ஏமாத்திட்டானே பாவிப்பய" என்று டிவியைப் பார்த்துத் திட்டினார். பங்காளிச் சண்டையை நம் பக்கத்து ஆட்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையே இல்லை. 1999 மே மாதம் கான்சாஸ் சிட்டியில் அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும் காட்சியில் ஓவன் விழுந்து இறந்தார். வயது 34. அவர் அட்டை இல்லாமல் ஒரு பாக்கெட் போடுவது நியாயமே இல்லை.

கேன் அட்டை இருக்கிறது, முகமூடி இல்லாத படம். அண்ணன் மகன் அதை எடுத்து, "சித்தப்பா, இந்த மொட்டைத் தலை ஆளு யாரு?" என்றான். அப்புறம் நான் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கதை சொல்ல ஆரம்பித்தேன். சாப்பாடு வைத்துக் கூப்பிட்டும் இருவரும் எழவில்லை.

என் கணக்கில் ரெஸ்லிங்கில் அதற்கு மிஞ்சிய கதை இல்லை. அண்டர்டேக்கர் 1990 சர்வைவர் சீரிஸில் முதன்முதலாக வந்தவர். அவர் கூடவே அஸ்திக் கலசத்தைத் தூக்கிக்கொண்டு வருவார் பால் பேரர். அந்தக் கலசத்தில்தான் அண்டர்டேக்கர் உயிர் இருக்கிறது என்றும், அவருக்கு மொத்தம் ஏழு உயிர் என்றும் செல்லூரில் சத்தியம் செய்து சொல்வார்கள். 1996 சம்மர்ஸ்லாமில் அதே கலசத்தால் பேரர் அவரை அடித்துவிட்டு எதிரி பக்கம் போனார். அடுத்த வருடம் ஒரு ரகசியத்தை அவிழ்த்தார். அண்டர்டேக்கர் சிறுவயதில் வீட்டுக்குத் தீ வைத்தவன், அதில் அம்மா அப்பா போய்விட்டார்கள், தம்பி கேனும் செத்துவிட்டான் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். தம்பி உயிரோடு இருக்கிறான், உடம்பெல்லாம் தீக்காயத்தோடு வருகிறான்.

வருகிறான், வருகிறான் என்று மாதக்கணக்கில் சொன்னார்கள், ஆளைக் காட்டவில்லை. அதுதான் அந்தக் கதையின் கெட்டிக்காரத்தனம். 1997 அக்டோபர் 5, செயின்ட் லூயிஸ். ஹெல் இன் எ செல் என்ற கூண்டுச் சண்டை முதன்முதலாக நடந்த நாள். ஷான் மைக்கேல்ஸை அண்டர்டேக்கர் முடிக்கப் போகும் நேரம் விளக்கு அணைகிறது. சிவப்பு வெளிச்சம், ஆர்கன் இசை. பால் பேரருக்குப் பக்கத்தில் முகமூடியோடு ஒரு மலை நடந்து வருகிறது. கூண்டுக் கதவைப் பிய்த்து எறிந்துவிட்டு, அண்ணனுக்கு நேர் எதிரே நிற்கிறான். கையைத் தூக்கி இறக்கியதும் நான்கு மூலையிலும் தீ. அப்புறம், ஆளைத் தலைகீழாகத் தூக்கித் தரையில் இறக்கும் அண்ணனுடைய டூம்ஸ்டோன் அடியை அண்ணனுக்கே போடுகிறான்.

சரி, மறுவாரமே சண்டை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. பெற்றோர் மேல் ஆணை, ரத்தத்தோடு சண்டை போட மாட்டேன் என்கிறார் அண்டர்டேக்கர். தம்பி கன்னத்தில் அறைகிறான், திருப்பி அடிக்கவில்லை. 1998 ஜனவரி ராயல் ரம்பிளில் உதவிக்கு வருவது போல வந்த தம்பி, அண்ணனைச் சவப்பெட்டிக்குள் தள்ளிப் பூட்டு போட்டுத் தீ வைக்கிறான். அணைத்துவிட்டுத் திறந்தால் பெட்டியில் ஆள் இல்லை. அதன் பிறகுதான் அண்ணன் திரும்பி வந்து சம்மதிக்கிறார். மார்ச் 29, பாஸ்டன், பதினான்காவது ரெஸில்மேனியா. ஒரு டூம்ஸ்டோன், எழுந்தான். இரண்டாவது, அதற்கும் எழுந்தான். மூன்றாவதற்குத்தான் கேன் படுத்தான். தம்பி உயிரோடு இருக்கிறான் என்று சொன்ன நாளிலிருந்து இந்தச் சண்டை வர முக்கால் வருடம் ஆனது. இன்று அத்தனை பொறுமை யாருக்கு இருக்கிறது?

கேனாக நடித்த க்ளென் ஜேக்கப்ஸ் அதற்கு முன் 1995இல் பல் டாக்டர் வேடத்தில் வந்தவர், யாரும் கண்டுகொள்ளவில்லை. 2018இல் டென்னசி மாநிலத்தில் நாக்ஸ் கவுன்டியின் மேயர் ஆனார். பால் பேரர் நிஜ வாழ்க்கையிலும் சவ அடக்க வேலைக்கு லைசென்ஸ் வைத்திருந்தவர். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது, தெரிந்த பிறகும் அந்தச் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தால் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

"எல்லாம் நடிப்புதானே" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நம் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் போடுகிறார்கள். முருகன்தான் வள்ளியைக் கட்டப் போகிறார் என்று தெரியாதவர் கூட்டத்தில் ஒருவர்கூட இல்லை, இருந்தும் விடியும்வரை எழுந்து போவதில்லை. எப்படித் தர்க்கம் பண்ணுகிறார்கள், எவ்வளவு நேரம் இழுத்துப் பிடிக்கிறார்கள் என்பதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறோம். ரெஸ்லிங்கையும் நான் அப்படித்தான் பார்த்தேன்.

ஸ்டீவ் ஆஸ்டின் அட்டை நன்றாக வந்திருக்கிறது, அச்சும் சுத்தம். அவருடைய கதை வேலைக்காரன் முதலாளி கதை. 1997 செப்டம்பரில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முதலாளி வின்ஸ் மெக்மேனுக்குத் தன் ஸ்டன்னர் அடியைப் போட்டதில் ஆரம்பித்து, 1999 மார்ச்சில் பீர் லாரியை அரங்குக்குள் ஓட்டி வந்து முதலாளி குடும்பத்தை நனைத்தது வரை, மாதச் சம்பளக்காரர்கள் எல்லோருக்கும் அது மருந்து. ஷிப்ட் முடிந்து வரும் அண்ணன்மார் அதற்காகவே டிவி முன்னால் உட்காருவார்கள்.

ராண்டி சாவேஜ் அட்டையும் இருக்கிறது, அவருடைய மேனேஜராக வந்த எலிசபெத் இல்லை. மேனேஜர்கள் ஒருவருக்கும் அட்டை போடவில்லை, பைசெப்ஸ் அளவு இல்லாததாலோ என்னவோ. 1991 ரெஸில்மேனியாவில் சாவேஜ் தோற்று, ரெஸ்லிங்கையே விட வேண்டிய நிலையில் விழுந்து கிடக்கும்போது, பிரிந்து போயிருந்த எலிசபெத் கூட்டத்திலிருந்து ஓடி வருவார். எப்போதும் அவருக்காகக் கயிற்றை விரித்துப் பிடித்தவர் எலிசபெத்; அன்றைக்குச் சாவேஜ் அவருக்காக விரித்துப் பிடித்தார். அரங்கில் ஆண்களும் பெண்களும் அழுதது கேமராவில் தெரிந்தது. இந்தப் பாக்கெட்டைப் போட்டவர்கள் அடுத்த முறை அச்சடிக்கும்போது எலிசபெத்துக்கும் பால் பேரருக்கும் ஆளுக்கு ஒரு அட்டை போட வேண்டும்.

புது ஆட்களில் ரோமன் ரெய்ன்ஸ், கோடி ரோட்ஸ் இருக்கிறார்கள். அண்ணன் மகனுக்கு ரோமன் என்றால் உயிர். அதில் எனக்கு வருத்தம் இல்லை. 2020இல் ரோமன் பெல்ட்டைப் பிடித்து, சொந்தக் குடும்பத்துப் பிள்ளைகளையே அடக்கி வைத்து, 2024 ஏப்ரலில் கோடியிடம் இழந்தவரை 1,316 நாள் ஓடிய கதை அது. மறுபடியும் ஒரு வீட்டுச் சண்டையை அவசரப்படாமல் சொன்னார்கள், ஓடியது. நடுவில் வந்த பத்துப் பதினைந்து வருடத்தில் அப்படி வாரக்கணக்கில் காத்திருக்க வைத்த கதை குறைவு.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு விதி வைத்திருக்கிறோம். அட்டையை ஜெயித்தால் போதாது, அந்த ஆளைப் பற்றி ஒரு கதை சொன்னால்தான் எடுத்துக்கொள்ளலாம். பையன் கதை தேடி யூடியூபில் பழைய சண்டைகளைப் பார்க்கிறான், டபிள்யூ.டபிள்யூ.இ வால்ட் என்ற சேனலில் பழையவற்றை 2024 முதல் போட்டுவருகிறார்கள். புது நிகழ்ச்சிகள் 2025 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் நெட்ஃபிளிக்ஸில்.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருவேன். ஓவன் இருந்திருந்தால் நான்கு. இதே அட்டைகள் தகர டப்பாவில் 150 ரூபாய்க்கும் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன், அச்சு, அட்டை, ரெஜிஸ்டர் விலகல் எல்லாம் ஒன்றே, டப்பாவுக்குத்தான் கூடுதல் காசு. சிவப்புப் பெட்டியை வாங்கி, பக்கத்தில் ஏதாவது லேமினேஷன் கடையில் பின்பக்கத்துக்கும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வளையாது. வாங்குவதற்கு முன் பெட்டியைத் திறந்து அட்டைகளை எண்ணிக்கொள்ளுங்கள், கடைக்காரர்கள் கோபித்துக்கொள்வதில்லை.