சிரசு அன்றைக்குத் தாலுகா ஆபீஸ் வாசலில்

அப்பா போன பிறகு வாங்கிய வாரிசுச் சான்றிதழில் அம்மா பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. திருத்த வேண்டுமென்றால் அசல் ஆவணங்களோடு அம்மாவே நேரில் வர வேண்டுமாம். மே மாதம், ஜமாபந்தி என்கிற வருடாந்திர நிலக் கணக்குத் தணிக்கை வேலை வேறு. "15-ஆம் தேதி காலையில வந்துடுங்க சார், முடிச்சுடலாம்" என்று நாள் குறித்துக் கொடுத்ததே அந்த ஆபீஸ்தான். அக்கினி நட்சத்திர வெயிலில், முழங்கால் வலிக்காரியான அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினால் கேட்டில் பூட்டு.

"இன்னிக்கு சிரசுண்ணா. மாவட்டம் பூரா லீவு" என்றார் எதிரே டீக்கடை வைத்திருந்த தம்பி.

எங்கள் வேலூர் மாவட்டத்துக் குடியாத்தத்தில் கெங்கையம்மனின் தலையை ஊர்வலமாகக் கொண்டுவரும் சிரசுத் திருவிழா வைகாசி ஒன்று என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதற்கு எங்கள் ஆபீசும் மூடுமா என்பது கலெக்டர் அறிவிப்பு வந்தால்தான் தெரியும். எங்களுக்குத் தேதி கொடுத்தபோது அந்த அறிவிப்பு வரவில்லை. வந்த பிறகு, ஆதாரோடு போன் நம்பரும் வாங்கி வைத்திருந்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா அந்தப் பூட்டிய கேட்டோரம் நிழல் தேடி நின்றதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

சரி, பேங்க் வேலையையாவது பார்க்கலாம் என்று போனால் அது திறந்திருக்கிறது! கலெக்டர் விடும் உள்ளூர் விடுமுறை, பேங்க் லீவுக்கு அடிப்படையான 1881-ஆம் வருடத்துச் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது. அதனால் பேங்குக்கு லீவு கிடையாது. அங்கே கேட்டது திருத்திய வாரிசுச் சான்றிதழை. வாலாஜாவில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டால், அவர்கள் ஊரில் எல்லா ஆபீசும் வழக்கம்போல நடக்கிறதாம். 2019-இல் வாலாஜாவையும் சேர்த்து ராணிப்பேட்டை எங்கள் மாவட்டத்திலிருந்து தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டதே.

நான் இருக்கும் சிங்கப்பூரில் வருடத்துக்கு 11 பொது விடுமுறை. அடுத்த வருடத்துத் தேதிகள் முன்கூட்டியே கையில் இருக்கும், ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் திங்கள் லீவு என்பது உட்பட. ஆனால் அங்கே 1968-இலிருந்து தைப்பூசத்துக்கு லீவு இல்லை. காவடி எடுப்பவர்கள் சொந்த லீவைப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். இங்கே தமிழ்நாட்டில் 2021 முதல் தைப்பூசமும் அரசு விடுமுறை. ஓர் ஊர் அம்மனுக்காக ஒரு மாவட்டமே வேலையை நிறுத்துவது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்பது வெளியே போய் வாழ்கிறவனுக்குத்தான் தெரியும். அதில் ஒரு நாளைக்கூடக் குறைக்கச் சொல்ல மாட்டேன்.

அன்றைக்கே சித்தப்பா மகனோடு குடியாத்தம் போனேன். தரணம்பேட்டை முத்தாலம்மன் கோயிலிலிருந்து கோபாலபுரத்துக்கு அம்மன் சிரசு வருகிறது. மாலைக்கு நடுவே முகமும் கண்ணும் மட்டும் தெரிய, தோளுக்குத் தோள் அசைந்து வருகிறாள். வழி நெடுக உடைத்த தேங்காயில் தார் ரோடே ஈரம். செருப்பில்லாத காலில் சிரட்டைச் சில்லு குத்துகிறது. வீட்டு வாசல்களில் மோரும் பானகமும். பெயர் தெரியாத ஒரு அக்கா, "குடிப்பா, வெயில்ல வந்துகினு இருக்கியே" என்று சொம்பை நீட்டினார். கண் கலங்கிவிட்டது.

வைகாசி ஒன்று வானம் பார்த்துச் சொல்ல வேண்டிய பிறை இல்லை. எந்த ஆங்கிலத் தேதியில் வரும் என்று பஞ்சாங்கமே முன்னாடி சொல்லிவிடுகிறது. அரசு விடுமுறைப் பட்டியல் முந்தின வருடமே வருகிறதே, அதோடு சேர்த்து இந்த உள்ளூர் விடுமுறையையும் அறிவித்தால் என்ன? தேதி கொடுக்கிற மேஜையில் அந்தத் தாளை ஒட்டி வைத்தால் போதும்.

லீவுக்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாள் என்று அதே அறிவிப்பில் இருந்தது. நான் திரும்பிய பிறகு அத்தைதான் அம்மாவை அன்றைக்குக் கூட்டிப்போனார். கூட்டமே இல்லை, கொஞ்ச நேரத்தில் முடித்துக் கொடுத்துவிட்டார்கள், உட்கார நாற்காலியும் போட்டார்களாம். நேரே பேங்குக்குப் போயிருக்கிறார்கள். அன்றைக்கு இரண்டாம் சனி, பேங்க் லீவு.