அடர் அமிலத்தை நீர்க்கச் செய்யும் கணக்கு: மதுரைக் கல்லூரி ஆய்வகமொன்றின் நீண்ட கால அனுபவம்

மதுரையில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில், செய்முறை வகுப்புகளுக்குக் கரைசல் தயாரிக்கும் பொறுப்பைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அடர் அமிலத்தின் மோலாரிட்டியை (ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் என்ற எண்ணை) எடுக்கும் கனஅளவால் பெருக்கினால், தேவையான மோலாரிட்டியை மொத்தக் கனஅளவால் பெருக்கிய தொகை வர வேண்டும் என்ற சூத்திரம் இத்தனை காலத்தில் ஒருமுறையும் கைவிட்டதில்லை. அதில் இடும் முதல் எண் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் கவனம் வேண்டும்.

அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 12 மோலார் என்பது ஆய்வகச் சுவர் அட்டவணைகளில் காணும் எண். நிறைச் சதவீதம் 37, அடர்த்தி மில்லிலிட்டருக்கு 1.18 கிராம் என்றால் அது சரியே. 1000 × 1.18 × 0.37 என்பதை மோலார் நிறையான 36.46 ஆல் வகுத்தால் 11.97 வரும். லேபிளில் 35 சதவீதம் என்றிருந்தால் 11.33 தான் வரும். ஒரு லிட்டர் 0.1 மோலார் கரைசலுக்கு முன்னதில் 8.35 மில்லிலிட்டர், பின்னதில் 8.83 மில்லிலிட்டர் எடுக்க வேண்டும். இந்த அரை மில்லிலிட்டரைப் பொருட்படுத்தாமல் விட்டால், 20 மில்லிலிட்டர் டைட்ரேஷனில் (ஒரு கரைசலின் அளவைக் கொண்டு மற்றொன்றின் செறிவைக் கண்டறியும் சோதனையில்) ப்யூரெட் என்னும் அளவுக் குழாய் காட்டும் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு மேல் விலகிவிடும். கத்திரி வெயில் நாட்களில் மூடியைத் திறந்தவுடன் வெண்புகை எழும். வாயு அப்படி வெளியேறிக்கொண்டே இருப்பதால், பாதி தீர்ந்த பாட்டிலுக்கு லேபிளின் சதவீதமும் பொருந்தாது.

கந்தக அமிலத்தில் இந்தத் தொல்லை இல்லை. 98 சதவீதம், அடர்த்தி 1.84 என்றால் 18.4 மோலார். ஆனால் அமிலத்தைத் தண்ணீரில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கி, நன்றாக ஆறிய பின்னரே அளவுக்குடுவையில் கோடு வரை நிரப்ப வேண்டும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வாலை வடிநீர் தீர்ந்துவிட்டதென்று போர்வெல் தண்ணீரைச் சேர்ப்பது கணக்கையே கெடுக்கும். அதன் காரத்தன்மை, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால், லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். அதிலுள்ள பைகார்பனேட் 0.004 மோல் அமிலத்தை விழுங்கிவிடும். 0.1 மோலார் கரைசலில் அது 4 சதவீதம், 0.01 மோலாரில் 40 சதவீதம்.

ஆகவே ஒரு லிட்டருக்கு 9 மில்லிலிட்டர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் எடுத்து, 250 மில்லிலிட்டரில் 1.325 கிராம் நீரற்ற சோடியம் கார்பனேட்டைக் கரைத்த 0.05 மோலார் கரைசலோடு மெத்தில் ஆரஞ்சு என்ற நிறங்காட்டியை வைத்து டைட்ரேஷன் செய்து தரம் பார்க்கிறோம். 0.1018 மோலார் என்று வந்தால் அந்த எண்ணையே, தேதியோடு பாட்டிலில் எழுதுகிறோம்.