லிப்டன் சீட்டா, ஓஹியாவா? கிறவல் சைக்கிளுக்கு மலையகத்தில் எந்தப் பாதை

கிறவல் என்றால் எங்கள் பக்கத்தில் டிப்பரில் வந்து கொட்டும் சிவப்பு மண். அதைப் பரப்பி, ரோலர் ஓட்டி, தேர்தலுக்கு முன்னால் ஒரு படமும் எடுத்துக்கொள்வார்கள். அதனால் "கிறவல் சைக்கிள்" (தாரிலும் கல், மண் ரோட்டிலும் ஓடும் தடித்த டயர் சைக்கிள்) வாங்கியிருக்கிறேன் என்று சொன்னதும் பண்டாரவளையில் ஒரு நண்பன், "அந்த மண்ணு நம்ம தோட்டத்துல எங்கடா இருக்கு?" என்று கேட்டான். கேள்வி சரிதான். தேயிலைத் தோட்டத்து ரோட்டில் இருப்பது கிறவல் இல்லை. எப்போதோ கருங்கல் அடுக்கி, மேலே தார் ஊற்றி, தார் கழன்று போய் கல் மட்டும் மிஞ்சிய ரோட்டு அது. மரக்கறித் தோட்டங்களுக்குள் போனால் வெறும் மண். இந்த இரண்டும் சைக்கிளுக்கு இரண்டு விதமான சோதனை. எந்தப் பாதை நல்லது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் காட்சியைப் பற்றிக் கேட்கிறார்கள். நான் முதலில் மழையைப் பார்ப்பேன், அப்புறம் ரோட்டின் கல்லை. காட்சி எல்லாப் பக்கமும் இருக்கிறது.

எல்லோரும் முதலில் சொல்வது ஹப்புத்தளையிலிருந்து தம்பேதென்ன வழியாக லிப்டன் சீட். ஹப்புத்தளை ஏறக்குறைய 1,430 மீட்டரில் இருக்கிறது, லிப்டன் சீட் 1,970 மீட்டரை ஒட்டி. தம்பேதென்ன ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, வரை சுமார் பத்துக் கிலோமீட்டர், மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு போகும் ரோட்டு, பெரிய ஏற்றம் கிடையாது. உண்மையான வேலை அதற்குப் பிறகுள்ள ஏழு கிலோமீட்டரில்தான். வளைவு வளைவாக ஏறும். ஆனாலும் கால் தாங்கும். தோட்டத்து ரோட்டுகள் மாட்டு வண்டியும் லொறியும் சுமையோடு ஏறுவதற்காக வெட்டப்பட்டவை, அதனால் செங்குத்து குறைவு. தேயிலை வியாபாரி தோமஸ் லிப்டன் இந்தப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கிய 1890இல்தான் அந்த ஸ்டோரும் எழும்பியது. அவர் உட்கார்ந்து பார்த்த இடம் என்பதற்காக இன்று ஊரே அங்கே போகிறது.

அதுதான் அந்தப் பாதையின் குறையும். விடியலைப் பார்க்க வரும் பயணிகளோடு ஐந்து மணிக்கே த்ரீவீல் வரிசை ஏறத் தொடங்கிவிடும். குறுகிய ரோட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒதுங்கி, புகையை விழுங்கி ஏறுவதற்கு அமைதிப் பாதை என்று பெயர் வைக்க எனக்கு மனமில்லை. ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மூடுபனி மேலே வந்துவிடுவதால் தாமதமாகப் போனால் ரோட்டு காலி, காட்சியும் காலி. எனக்கு அந்த இரண்டாவது விதம்தான் பிடிக்கும். பனிக்குள் கொழுந்தெடுப்பவர்களின் பேச்சு மட்டும் கேட்கும், ஆளைக் காண முடியாது. ஆனால் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் கவனம் வேண்டும். கூடையும் சாக்குமாக எல்லோரும் ரோட்டோரம் கூடியிருப்பார்கள், லொறி குறுக்கே நிற்கும். அப்போது இறங்கி உருட்டிக்கொண்டு போவதுதான் மரியாதை. அவர்களுக்கு அது வேலைத்தளம்.

இதற்கு 35 மில்லிமீட்டர் அகல டயரே போதும். சொல்லப்போனால் கிறவல் சைக்கிளே தேவையில்லை. முதல் தடவை மலை ஏறிப் பார்க்க நினைப்பவருக்கு இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் எது உடைந்தாலும் ஒரு த்ரீவீல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

அடுத்தது என் பாதை. ஹப்புத்தளையிலிருந்து வெலிமடைப் பக்கமாக பொரலந்தை, அங்கிருந்து ஓஹியா, ஓஹியாவிலிருந்து உடவேரியத் தோட்டத்துக்குள் புகுந்து பம்பரகந்தை நீர்வீழ்ச்சிப் பக்கமாக கலுபஹனவில் இறங்குவது. தேயிலை, மரக்கறி, பைன் காடு, பிறகு மறுபடி தேயிலை என்று ஒரே நாளில் நாலு உலகம்.

பொரலந்தைப் பக்கம் போகும்போதுதான் மலையகம் என்றால் தேயிலை மட்டும் என்ற நினைப்பு போகும். அங்கே வயல்களில் பெரும்போகத்தில் நெல், சிறுபோகத்தில் அதே வயலில் உருளைக்கிழங்கு. வரப்போரமாக ஓடும் மண்பாதைகள் சைக்கிளுக்கு அருமையானவை, காய்ந்திருந்தால். மழை பெய்துவிட்டால் அந்தக் களி டயரில் அப்பி, செயின் வரை ஏறி, சக்கரமே சுற்றாது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். கோழி எரு கொட்டிய வாரத்தில் போனால் வாயை மூடிக்கொண்டுதான் மிதிக்க வேண்டும். மருந்தடிப்பவர் நிற்கும் பாத்தியைக் கண்டால் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுக் கடக்கவும். கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போகும் மரக்கறி லொறிகள் காலையில் பெரிய ரோட்டில் பறக்கும், அதனால் முடிந்தவரை உள்பாதையைப் பிடிப்பது நல்லது.

ஓஹியா ரயில் நிலையம் சுமார் 1,770 மீட்டர். அடுத்த நிலையமான பட்டிப்பொல நாட்டிலேயே உயரமானது, 1,890 மீட்டருக்கு மேல். வாகன ரோட்டில் ஓஹியாவிலிருந்து பட்டிப்பொலவுக்குப் போக ஹோர்ட்டன் சமவெளிப் பூங்காவின் வாசலைக் கடக்க வேண்டும், அது வேறு கணக்கு, வேறு டிக்கெட். எனவே நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. நிலையத்துக்கு அருகே ரொட்டியும் கட்டச் சம்பலும் பிளேன்டீயும் கிடைத்தால் வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுங்கள். கீழே இறங்கும்வரை கடையை நம்ப முடியாது.

உடவேரியவுக்குப் பிறகுதான் இந்தச் சைக்கிளுக்கு உண்மையான வேலை. ஊர்சுற்றிகள் இந்த இறக்கத்தைப் பேயின் படிக்கட்டு என்கிறார்கள். பேர் பொருத்தம்தான். தலையளவு கல், கான் உடைத்துக்கொண்டு ஓடிய பள்ளம், கொண்டை ஊசி வளைவுகள். 40 மில்லிமீட்டர் டயரில் நான் முதல் தடவை போனபோது பாதி தூரம் நடந்தேன். இப்போது 50 போட்டிருக்கிறேன், இன்னும் சில இடங்களில் நடக்கிறேன், வெட்கப்படுவதில்லை. ஒருமுறை நடுவழியில் பின் பிரேக் பேட் தேய்ந்து உலோகம் உலோகத்தோடு உரசும் சத்தம் வந்தது. ஈர மணலில் ரெசின் பேட் அவ்வளவு சீக்கிரம் கரையும் என்று கடையில் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மெட்டல் பேட் கூடுதல் நாள் நிற்கும், கொஞ்சம் சத்தம் போடும், போடட்டும். அன்று லயத்துப் பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, பஸ் இல்லியா?" என்றார். பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது.

பம்பரகந்தை 263 மீட்டர், நாட்டின் உயரமான நீர்வீழ்ச்சி. சைக்கிளை விட்டுவிட்டுப் பார்க்கப் போகாதவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

மூன்றாவதாக ஹட்டன் பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அங்குள்ள நண்பர்கள் கோபிப்பார்கள். ஹட்டனிலிருந்து டிக்கோயா, காசல்ரீ நீர்த்தேக்கம், நோர்வூட், பொகவந்தலாவை. ரோட்டு நல்ல தார், ஏற்ற இறக்கம் மிதமானது, சிவனொளிபாதமலை எதிரே நிற்கும். மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரை யாத்திரைக் காலம், நல்லதண்ணி நோக்கிப் போகும் வாகனங்கள் இரவு பகலாக ஓடும். ஆனால் அவை நோர்வூட்டில் மஸ்கெலியாப் பக்கம் திரும்பிவிடும், பொகவந்தலாவை ரோட்டு மிச்சமாக நமக்கே வரும். அந்தப் பள்ளத்தாக்கில் சென் மேரிஸ் தேவாலயத்து மயானத்தில் ஜூலியா மார்கரெட் கேமரன் இருக்கிறார், புகைப்படக் கலையின் ஆரம்ப காலத்துப் பெரிய கை, 1879இல் இறந்தவர். கிளைத் தோட்ட ரோட்டுகளில் புகுந்தால் கல் கிடைக்கும், ஆனால் எனக்கு இது அதிகம் தார்ச்சவாரிதான். அதோடு விட்டுவிடுகிறேன்.

சரி, எப்போது எது? இங்கேதான் மழை தீர்ப்புச் சொல்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவம், ஹட்டன் பக்கம் நனைந்து ஊறிக் கிடக்கும், அட்டைக் கடி இலவசம். அதே மாதங்களில் ஹப்புத்தளை இருக்கும் ஊவாப் பக்கம் காய்ந்திருக்கும். மலையைத் தாண்டி இறங்கும் கச்சான் காற்றில் தேயிலைக்கு அந்தப் பிரபலமான ஊவா மணம் வருவதும் அப்போதுதான். ஆனால் ஹப்புத்தளை மலைத்தொடரின் இடைவெளியில் உட்கார்ந்திருக்கும் ஊர், அந்தக் காற்று சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை ஊவாவில் மழை, மண்சரிவு பயம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டதை மறக்க முடியாது, ரயில் பாதையும் பல இடங்களில் உடைந்தது. அதனால் சைக்கிளை ரயிலில் ஏற்றிப் போகும் திட்டம் இருந்தால் முதலில் நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். பெப்ரவரி, மார்ச் இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

கியர் விஷயத்தில் ஒரே ஒரு வார்த்தை. மிக இலேசான கியரில் பின்பல் முன்பல்லைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் லிப்டன் சீட்டிலேயே முழங்கால் பேசும். தோட்டத்து கேட்டில் வாட்சர் நின்றால் இறங்கி, எங்கே போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். என்னை இதுவரை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

என் பாதையின் பெரிய தொல்லை முடிவில்தான் வரும். கலுபஹனவில் இறங்கி நிற்கும்போது, ஹப்புத்தளைக்கு பெரகலை வழியாக மறுபடி அத்தனை உயரமும் ஏற வேண்டும், கொழும்பு–பதுளை ரோட்டின் வாகனங்களோடு. ஒரே ஒருமுறை மிதித்து ஏறினேன். மற்ற நாட்களில் கொழும்பில் மரக்கறி இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் லொறி எதையாவது கைகாட்டி நிறுத்துவேன். சைக்கிளைப் பின்னால் படுக்கப் போட்டு, பிளாஸ்டிக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, கோவா வாசனையோடு மேலே போய்ச் சேர்வேன்.