பாறையை விட்டுவிட்டு வஞ்சிரத்தில் மாட்டிய பைத்தான்

புதுச்சேரி நண்பன் போன வாரம் கேட்டான்: “உன் மீன் கணக்கு ஸ்கிரிப்ட் எப்படிடா ஓடுது? எனக்கும் ஒண்ணு வேணும்.” வாட்ஸாப்பில் ஒரு வரியில் சொல்ல முடியவில்லை.

கடலூர் முதுநகரில் மச்சானின் வியாபாரத்துக்காக எழுதியது. பைத்தான் என்ற நிரல் மொழியில் நாற்பது வரி. ஏலத்தில் எடுத்த மீன், எடை, விலை எல்லாம் ஒரு சிஎஸ்வி ஃபைலில் (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து அட்டவணை) ஏறும். இரவில் அதைப் படித்து யார் எவ்வளவு பாக்கி என்று சொல்லும். பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் இல்லை, உபுண்டு என்ற இயங்குதளம். இரண்டரை வருடம் ஒரு முனகல் கிடையாது. நடுவில் ஒரு நாள், ஃபைலைத் திறக்கும்போது ஏ (கடைசியில் சேர்) போட வேண்டிய இடத்தில் டபிள்யூ (அழித்துப் புதிதாக எழுது) போட்டு மொத்தக் கணக்கையும் துடைத்தது நான்தான். அந்தப் பழியை அதன்மேல் போட மாட்டேன்.

மச்சான் விண்டோஸ் லேப்டாப் வாங்கினார். அதே ஃபைல், அதே ஸ்கிரிப்ட், படிக்க மாட்டேன் என்றது. ‘சார்மேப்’ என்று ஏதோ ஒரு திட்டு.

சோதித்துப் பார்க்க, ஒரே ஒரு சொல் உள்ள ஃபைல் செய்தேன். ‘பாறை’ என்று எழுதினால் பிழையே வரவில்லை; ஆனால் திரையில் தலையில் கீற்று வைத்த சின்ன ஏ, வட்டத்துக்குள் மாட்டிய ஆர் என்று ஒரே குப்பை. ‘வஞ்சிரம்’ எழுதினால் எட்டாம் இடத்தில் 8டி என்ற பைட் (எழுத்தைச் சேமிக்கும் சின்ன எண்) புரியவில்லை என்று நின்றுவிட்டது. இரண்டும் மீன்தானே!

குற்றவாளி ஞ்-இன் மேல் இருக்கும் புள்ளி. எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டாக்கும் யூடிஎஃப்-8 முறையில்தான் ஃபைல் இருந்தது; அதில் வ மூன்று பைட், ஞ மூன்று பைட், புள்ளிக்குத் தனியாக மூன்று. அதில் கடைசி பைட்தான் இந்த 8டி. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் எட்டாம் இடம். ஃபைலைத் திறக்கும் ஓப்பன் கட்டளைக்கு எந்த முறை என்று சொல்லாவிட்டால், இந்த விண்டோஸில் அது சிபி1252 என்ற பழைய மேற்கு ஐரோப்பிய எழுத்து அட்டவணையை எடுத்துக்கொள்கிறது. அதில் ஐந்து கட்டங்கள் காலி. 8டி அதில் ஒன்று. உகரக் குறியின் கடைசி பைட்டான 81-உம் காலிதான். புள்ளியும் உகரமும் இல்லாமல் தமிழில் கணக்கு எழுதச் சொல்கிறார்களா?

ஒவ்வொரு ஓப்பனிலும் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று சேர்த்தேன், தீர்ந்தது. அப்புறம் எழுதிய ஃபைலில் வரிக்கு வரி காலி வரி விழுந்தது. ஓப்பனிலேயே நியூலைன் என்ற அமைப்புக்கு வெற்று மேற்கோள் கொடுத்ததும் நின்றது. எக்செலில் தமிழ் ஒழுங்காகத் தெரிய மாதக் கணக்கை மட்டும் யூடிஎஃப்-8-சிக் (ஃபைலின் தொடக்கத்தில் ஓர் அடையாளம் வைக்கும் யூடிஎஃப்-8) என்று எழுத வேண்டியிருந்தது. எக்செலில் அந்த ஃபைல் திறந்திருந்தால் எழுத அனுமதி இல்லை என்று இன்னொரு பிழை. மச்சான் எதையும் மூட மாட்டார்.

பைத்தான் 3 வந்தது 2008-இல். யூடிஎஃப்-8 தானாகவே இயல்பாவது 3.15 பதிப்பில்தான். என்ன அவசரம்!

நியாயமாகச் சொன்னால், சரியாக எழுதிய பிறகு ஒரு ரூபாய்கூடப் பிசகவில்லை. இரவு பத்து மணிக்கு மச்சான் நோட்டும் கால்குலேட்டருமாக உட்கார்ந்திருந்த காலம் போய்விட்டது. இருந்தாலும் அந்தப் புள்ளிக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்த எரிச்சலில், “நீ நோட்டிலேயே எழுதுடா” என்று நண்பனுக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பிய கையோடு மச்சானின் இன்றைய பாக்கியை அதே ஸ்கிரிப்டில்தான் பார்த்தேன்.