740 வெள்ளி போச்சு: கையால் அழுத்தும் பிரஸ் வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று படியுங்கள்

எழுநூற்று நாற்பது சிங்கப்பூர் வெள்ளி. ஐந்து வாரம். நேற்று முன்தினம் இரவு என் சமையலறை மேசையில் அந்தப் பிரஸ் இரண்டாக உடைந்தது. கை இன்னும் நடுங்குகிறது, அதனால் எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வீட்டிலிருந்தே தோல் வேலை செய்கிறேன். சாவிப் பர்ஸ், பெல்ட், சின்னக் கைப்பைகள். இத்தனை நாள் சுத்தியலால் தட்டித்தான் ஐலெட்டும் (துளையில் பொருத்தும் உலோக வளையம்) பிரஸ் பட்டனும் பொருத்தினேன். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இரவு ஒன்பது மணிக்குமேல் சுத்தியல் தட்டினால் கீழ்வீட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? இரண்டு முறை மேலே வந்து சொல்லிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, கைக்குழந்தை இருக்கிற வீடு. தீபாவளிக்கு 150 சாவிப் பர்ஸ் ஆர்டர் வந்தபோது, கைப்பிடியை இழுத்தால் சத்தமில்லாமல் ஒரு டன் வரை அழுத்துகிற ஆர்பர் பிரஸ் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு போய் வாங்கவில்லை. இரண்டு மாதம் தேடிப் படித்தேன். உறுதியான கைப் பிரஸ் எது என்று தேடினால் இணையத்தில் அதிகம் வருவது தோல் வேலைக்காரர்கள் பேச்சு இல்லை, அமெரிக்காவில் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை மறுபடி நிரப்பிப் பயன்படுத்துகிறவர்கள் பேச்சுதான். சிங்கப்பூரில் உரிமமில்லாமல் ஒரு தோட்டா கையில் இருந்தாலே சிறை, அந்தப் பக்கமே நாம் போகப்போவதில்லை. ஆனால் பிரஸ் என்ற பொருளைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியுமா என்பது சந்தேகம். சுட்டதும் விரிந்துவிட்ட பித்தளைக் கூட்டை டைக்குள் (உலோக அச்சு) தள்ளி, பழைய அளவுக்கு இறுக்கிக் கொண்டுவர வேண்டும். நீளமான ரைஃபிள் கூடு என்றால் நல்ல பலம் வேண்டும், ஒவ்வொன்றும் ஒரே அளவில் வர வேண்டும். அதனால் அவர்கள் முதலில் பார்ப்பது பிரஸ்ஸின் ஃபிரேமை, அதாவது சட்டத்தைத்தான். நாலு பக்கமும் மூடிய ஓ வடிவச் சட்டம் எளிதில் வளையாது. முன்பக்கம் திறந்த சி வடிவம் அழுத்தும்போது வாய் பிளக்கப் பார்க்கும். அடுத்து, தண்டு ஏறி இறங்கும் துளையில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அப்புறம்தான் உலோகம். சின்னக் கைத்துப்பாக்கிக் கூடுகளுக்கு அலுமினியச் சட்டம் போதும், கடினமான வேலைக்கு வார்ப்பிரும்பு என்பதுதான் அங்கே பொதுவாகச் சொல்வது. 1943இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஆர்சிபிஎஸ் நிறுவனத்தின் வார்ப்பிரும்புப் பிரஸ்களை அப்பா வாங்கி மகன் பயன்படுத்துகிற வீடுகள் உண்டு.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் கடைக்குப் போனேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. தொழிற்பேட்டை அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில், முன்னால் சின்ன ஷோரூம், பின்னால் கிடங்கு என்று இருக்கிற கருவிக் கடை. இணையச் சந்தையிலும் விற்கிறார்கள். அங்கே நின்ற பையன் தமிழ்ப் பையன். நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்ததும், “அக்கா, தமிழ்லயே பேசுங்க” என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

“தம்பி, இது சி வடிவமா இருக்கே, பிளக்காதா?” என்று கேட்டேன். “தோலுக்கு சிதான் அக்கா வேணும். பை உள்ள நுழையணும்ல?” என்றார். அது நியாயமான பதில். ஓ வடிவத்தில் பை நுழைய இடம் இருக்காது. “அப்ப சட்டம் வார்ப்பிரும்புதானா?” என்றேன். கையால் அதன் கழுத்தில் இரண்டு தட்டு தட்டினார். “ஃபுல் காஸ்ட் அயர்ன் அக்கா. உங்க பேரப்பிள்ளை காலம் வரைக்கும் ஓடும். நம்ம ஆளுகிட்ட நான் பொய் சொல்வேனா?”

தூக்கிப் பார்த்தேன், கனமாகத்தான் இருந்தது. மேலே தடியாக நீலப் பெயின்ட். அந்த நேரத்தில் என் தோள்பையில் இருபது காந்தப் பட்டன்கள் இருந்தன, அன்று காலையில்தான் வாங்கியவை. ஒன்றை எடுத்து அந்தக் கழுத்தில் வைத்திருந்தால் ஒரே நொடியில் தெரிந்திருக்கும். நம்ம ஆள் சொல்கிறார், அவர் முன்னால் சோதித்தால் மரியாதையாக இருக்காது என்று நினைத்துவிட்டேன்.

பில் போடும்போது இன்னொன்று நடந்தது. “அக்கா, உங்க தொழில் பேர்லயே இன்வாய்ஸ் போட்டுடுறேன், கணக்குக்கு நல்லது” என்றார். அக்கறை என்று நினைத்துச் சரி என்றேன். பேநவ்வில் (கைப்பேசி வழி உடனடி வங்கிப் பணமாற்றம்) 740 வெள்ளியை அங்கேயே அனுப்பினேன். அவரே லிஃப்ட் வரைக்கும் டிராலியில் தள்ளிக்கொண்டு வந்து விட்டார்.

மூன்றாவது வாரம் தண்டு ஆட ஆரம்பித்தது. பட்டன்கள் கோணலாக உட்கார்ந்தன. பதினெட்டுப் பர்ஸ் வீணாகின. வாட்ஸ்அப்பில் வீடியோ எடுத்து அனுப்பினேன். “பக்கத் திருகை இறுக்குங்க அக்கா” என்று பதில் வந்தது. இறுக்கினேன், இரண்டு நாள் சரியாக இருந்தது, மறுபடி ஆடியது. அடுத்த செய்திக்கு நீல டிக் மட்டும். போன் செய்தால் வேறு ஒருவர் எடுத்து, “பாஸ் ஜொகூர் போயிருக்கார், டுமாரோ கால் பண்றோம் லா” என்றார். அந்த டுமாரோ இன்றுவரை வரவில்லை.

பிறகு அந்த இரவு. மூன்று மில்லிமீட்டர் தோலில் வெட்டு டையை வைத்துக் கைப்பிடியை இழுத்தேன். வழக்கமான பலம்தான். சடக்கென்று கழுத்து முறிந்து, மேல்பாகம் என் இடது கைக்குப் பக்கத்தில் விழுந்து மேசையில் குழி போட்டது. அரை அங்குலம் தள்ளி விழுந்திருந்தால் இதை நான் ஒரு கையால்தான் எழுதிக்கொண்டிருப்பேன். எதிரே என் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு இருந்தாள்.

என் மாமனார் செம்பவாங் கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். சத்தம் கேட்டு எழுந்து வந்து, உடைந்த இடத்தை விளக்கில் பிடித்துப் பார்த்தார். “இது இரும்பே இல்லம்மா” என்றார். வார்ப்பிரும்பு உடைந்தால் உள்ளே கருஞ்சாம்பல் நிறமாக இருக்கும். இது வெள்ளி போல மின்னியது. என் பையிலிருந்து ஒரு காந்தப் பட்டனை எடுத்துக் கழுத்தில் வைத்தார், வழுக்கி விழுந்தது. அடித்தட்டில் வைத்தார், டப்பென்று ஒட்டிக்கொண்டது. கீழே மட்டும் தடித்த இரும்புத் தகடு, மேலே முழுக்க அலுமினிய வார்ப்பு. அன்று கடையில் நான் தூக்கிப் பார்த்த கனம் அந்தத் தகட்டின் கனம். அலுமினியம் கெட்ட உலோகம் என்று நான் சொல்லவில்லை. மெல்லிய வேலைக்கு அலுமினியம் என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்கலாம். இரும்பு என்று சொல்லி 740 வெள்ளி வாங்குவது ஏமாற்று.

நேற்றுக் காலை உடைந்த துண்டோடு நேரில் போனேன். அந்தத் தம்பி என்னைப் பார்த்ததும் கிடங்குக்குள் போய்விட்டார். பாஸ் வந்தார். “ஓவர்லோட் பண்ணிட்டீங்க” என்றார். ஒரு டன் என்று எழுதியிருக்கும் பிரஸ்ஸில் என் கைபலத்துக்கு எங்கிருந்து ஓவர்லோட்? “ஏழு நாளைக்குமேல் மாற்றித் தர முடியாது” என்று சுவரில் ஒட்டிய தாளைக் காட்டினார். நான் லெமன் சட்டம் என்றேன். 2012 செப்டம்பரிலிருந்து இங்கே நடப்பில் இருக்கிற சட்டம் அது. பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், வாங்கும்போதே இருந்த குறை என்று எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர்தான். அவர் சிரித்துக்கொண்டே இன்வாய்ஸைத் திருப்பிக் காட்டினார். “இது பிசினஸ் பேர்ல இருக்கு. லெமன் சட்டம் கஸ்டமருக்கு, கம்பெனிக்கு இல்ல.”

தொழிலுக்கென்றே வாங்கிய பொருளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்பது உண்மைதான். அந்த ‘அக்கறை’ எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. அங்கேயே நின்று அழுதேன். 740 வெள்ளி, அதோடு வீணான பதினெட்டுப் பர்ஸின் தோல் காசு வேறு.

எதை எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். ஒரு காந்தம் கொண்டு போங்கள், அடியில் வைக்காதீர்கள், கழுத்தில் வையுங்கள். உங்கள் வேலையிலேயே தடித்த துண்டு ஒன்றைக் கொண்டுபோய்க் கடையிலேயே அழுத்திப் பாருங்கள், தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். என்ன உலோகம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். சொந்த உபயோகத்துக்கும் சேர்த்து வாங்குகிற பொருளென்றால் பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். பேநவ்வில் போன காசைத் திரும்ப இழுக்க முடியாது, கடனட்டை என்றால் வங்கியிடம் முறையிடவாவது வழி உண்டு.

நான் விடப்போவதில்லை. பில் தொழில் பெயரில் இருந்தாலும் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரை கோரலாம், இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். இரும்பு என்று சொன்னது இரும்பு இல்லை, இதுதான் என் வழக்கு. உடைந்த துண்டு, காந்த வீடியோ, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். திங்கட்கிழமை மனு போடுகிறேன்.

இன்று காலை அவர்களுடைய இணையச் சந்தைப் பக்கத்தைப் பார்த்தேன். அதே நீலப் பிரஸ், அதே ‘ஃபுல் காஸ்ட் அயர்ன்’. விலை 740 வெள்ளி, மூன்று மட்டும் இருப்பில் என்று போட்டிருக்கிறது.