கேவுரு குலைநோயா, பூச்செடி துருநோயா? வேலூரில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்ய எது தோது

எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கோ பிஎச்.டி.க்கோ தாவர நோய்ப் பூஞ்சைகளின் மூலக்கூறு ஆராய்ச்சியை எடுக்க நினைக்கும் நம் வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளிடம் கேட்டால் பெரும்பாலும் இரண்டு தலைப்புகள்தான் வருகின்றன. ஒன்று புல் குடும்பத்துக் குலைநோய் (பிளாஸ்ட்): கேவுரு (கேழ்வரகு), நெல், தினை, வரப்பில் முளைக்கும் புற்கள் எல்லாம் இதில் அடக்கம். இன்னொன்று பூச்செடிகள்: சாமந்தித் துரு, ரோஜா சாம்பல்நோய், மல்லித் துரு மாதிரி. நான் எடுத்தது குலைநோய், இன்றைக்கும் அதில்தான் இருக்கிறேன், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூச்செடிப் பக்கம் எனக்கு இருக்கும் அனுபவம், அதே லேபில் துருநோய் எடுத்த தோழிக்குக் கூடமாட வேலை செய்ததுதான்.

டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் மெஷின், அதற்கான பிரைமர் (தொடக்கத் துண்டு), வெளியில் அனுப்பி சீக்வென்ஸ் (டிஎன்ஏ எழுத்து வரிசை) வாங்கும் செலவு, இதெல்லாம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. இதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். சாம்பிள் விஷயத்தில் மட்டும் சின்ன வித்தியாசம் உண்டு. கேவுருக்கு அணைக்கட்டு, ஒடுகத்தூர், ஜவ்வாது மலை அடிவாரம் என்று பஸ்ஸிலேயே போய் வந்துவிடலாம். விரிஞ்சிபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, திருவண்ணாமலை பக்கம் அத்தியந்தலில் அதே பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மையம் இருக்கிறது. பூவுக்கு நேதாஜி மார்க்கெட் இருக்கிறதே என்று தோன்றும், ஆனால் அங்கே வருவது பறித்த பூ, நோய் இருப்பது இலையில், ஆக எப்படியும் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும், சாமந்தி என்றால் ஓசூர், ராயக்கோட்டை வரைக்கும்கூட.

நமக்கு முன்னால் செய்தவர்கள் விட்டுப்போன அடித்தளம் என்று பார்த்தால் குலைநோய்க்கு நல்ல வசதி. அந்தப் பூஞ்சையின் (மேக்னபோர்த்தே ஒரைசே) முழு ஜீனோம், அதாவது மொத்த டிஎன்ஏ வரிசை, 2005-லேயே வெளியாகிவிட்டது. ஏழு குரோமோசோம், சுமார் 4 கோடி எழுத்து. 2012-ல் உலகம் முழுக்க இந்தத் துறையில் இருப்பவர்களிடம் கருத்துக் கேட்டு முக்கியமான பத்துப் பூஞ்சைகளைப் பட்டியல் போட்டபோது முதலிடம் இதற்குத்தான் கிடைத்தது. துருநோயும் சாம்பல்நோயும் அப்படியில்லை. கோதுமைத் தண்டுத் துருவின் ஜீனோம் 2011-ல் வந்தது, அது இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெரிசு. பார்லி சாம்பல்நோய்ப் பூஞ்சை 2010-ல் வந்தது, அது சுமார் மூன்று மடங்கு. கொய்யா குடும்பத்து மரங்களையும் தோட்டங்களில் அழகுக்கு வைக்கிற பாட்டில் பிரஷ்ஷையும் தாக்கும் மர்ட்டில் துருவின் ஜீனோம் 100 கோடி எழுத்தைத் தொடுகிறது. பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் துண்டுகள், போதாததற்கு ஒரே செல்லில் இரண்டு வேறு உட்கருக்கள். ஒரு எம்.எஸ்சி. மாணவர் லேப்டாப்பில் வைத்து அலசிப் பார்க்கும் காரியமில்லை.

ஆனால் ஜீனோம் அளவு எனக்குத் தீர்மானமான காரணம் அல்ல. பூஞ்சையை உயிரோடு வைத்திருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. தலைப்பு தேர்ந்தெடுக்கும்போது இதை யாருமே கேட்பதில்லை, கைடுகளும் சொல்வதில்லை. எனக்கோ இந்த ஒன்றுக்காகவே குலைநோயை எடுக்கலாம் என்று தோன்றுகிறது.

குலைநோய்ப் பூஞ்சை ஓட்ஸ் மீடியத்தில் (தட்டில் ஊற்றும் வளர்ப்புக் கூழ்) நன்றாக வளரும். நோய் வந்த கதிரின் கழுத்தையோ விரலையோ ஈரமான பெட்ரி தட்டில் ஓர் இரவு வைத்தால் ஸ்போர் (பூஞ்சையின் வித்து) வந்துவிடும், அதில் ஒரே ஒரு ஸ்போரைப் பிரித்து வளர்த்தால் சுத்தமான கல்ச்சர் தயார். அப்புறம் மீடியத்தின் மேல் ஸ்டெரிலைஸ் செய்த ஃபில்டர் பேப்பர் துண்டுகளைப் போட்டு, அவற்றின் மேல் பூஞ்சை படர்ந்ததும் உரித்தெடுத்து, நன்றாகக் காயவைத்து, சின்ன கவரில் போட்டு மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான், பல வருஷம் அப்படியே கிடக்கும், வேண்டும்போது ஒரு துண்டை எடுத்துப் புது மீடியத்தில் வைத்தால் மறுபடி வளரும். காகிதம் காய்ந்து இருப்பதால், நாலு மணி நேரம் கரண்ட் போனாலும் ஓடிப்போய்க் காப்பாற்ற வேண்டிய அவசரம் இல்லை. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: மீடியத்திலேயே மாற்றி மாற்றி வளர்த்துக்கொண்டிருந்தால் ஸ்போர் குறையும், நோய் உண்டாக்கும் வீரியமும் போய்விடும். அதனால் கல்ச்சர் எடுத்த கையோடு காகிதத்துக்கு மாற்றிவிடுவது நல்லது.

துருவும் சாம்பல்நோயும் உயிருள்ள செடியில் மட்டுமே வாழும், சாதாரண மீடியத்தில் வளராது. ஆக உங்களிடம் இருக்கும் பூஞ்சை என்பது உங்களிடம் இருக்கும் செடிதான். செடி வாடினால் பூஞ்சையும் போச்சு. இளம் இலை வேண்டும், சில வாரத்துக்கு ஒரு தடவை பழைய இலையிலிருந்து புதுசுக்கு மாற்ற வேண்டும், இரண்டு சாம்பிள் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனிக் கூண்டில் வைக்க வேண்டும், மற்ற பூச்சியும் நோயும் அண்டக் கூடாது, ஆனால் மருந்தும் அடிக்க முடியாது. கைக்குழந்தையை வைத்திருப்பது மாதிரி, பொங்கலுக்கு ஊருக்குப் போவதாக இருந்தால்கூட யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

இதோடு நம் ஊர் வெயிலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெயிலூர் என்று சும்மா சொல்லவில்லை. சாமந்தி வெள்ளைத் துருவின் ஸ்போர் முளைக்க 4 முதல் 23 டிகிரிக்குள் இருக்க வேண்டும், 17 டிகிரி சுற்றி இருந்தால் அதற்கு ரொம்பப் பிடிக்கும். கத்திரி வெயிலில் 40-ஐத் தாண்டும் ஊரில் ஏசியோடு கூடிய வளர்ப்பு அறை இல்லாமல் அதை வைகாசி வரைக்கும் கொண்டுபோவது எவ்வளவு கஷ்டம் என்பதைத் தோழி பட்ட பாட்டில் பார்த்தேன். பறித்த இலையில் அந்த ஸ்போர் ஈரப்பதம் குறைவாக இருந்தால் அதிகபட்சம் எட்டு வாரம் தாங்கும். இரண்டு மாதம், அதோடு சரி. பெங்களூரிலோ ஊட்டியிலோ இருப்பவருக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி இருக்கலாம். நான் வேலூரை வைத்துத்தான் சொல்கிறேன்.

டிஎன்ஏ எடுத்து வைத்துவிட்டால் போதாதா, பூஞ்சை ஏன் உயிரோடு இருக்க வேண்டும் என்று கேட்கலாம். சீக்வென்ஸ் மட்டும் இருந்தால் இது இன்ன இனம், இன்னதோடு நெருக்கம் என்று சொல்லலாம். இது அந்தப் பயிரைத் தாக்குமா என்று சொல்ல முடியாது, அதற்கு ஸ்போரைக் கரைத்துச் செடி மேல் அடித்துத்தான் பார்க்க வேண்டும். குலைநோயில் ருசியான கேள்விகள் எல்லாமே இந்த இடத்தில்தான் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்க்க ஒரே பூஞ்சை, ஆனால் நெல்லில் இருப்பது பொதுவாக நெல்லோடு, கேவுரில் இருப்பது கேவுரோடு. எப்போதாவது ஒரு ஜீன் தொலைந்தால் எல்லை உடையும். 1985-ல் பிரேசிலில் கோதுமைக்குக் குலைநோய் திடீரென்று வந்ததே, அதன் பின்னால் இருந்த கதை 2017-ல் வெளியானது: பூஞ்சையின் பிடபிள்யூடி3 என்ற ஜீனை அடையாளம் கண்டு தடுக்கும் ஆர்டபிள்யூடி3 என்ற ஜீன் இல்லாத கோதுமை ரகத்தை அங்கே நிறையப் பயிரிட்டிருந்தார்கள், அது பூஞ்சைக்குப் படிக்கட்டாகிவிட்டது. அந்த நோய் 2016-ல் வங்கதேசம் வரைக்கும் வந்துவிட்டது. அமெரிக்காவில் விளையாட்டு மைதானங்களில் போடும் ரை புல்லில் 1991-ல் பென்சில்வேனியாவில் முதலில் தெரிந்த சாம்பல் இலைப்புள்ளியும் இதே பூஞ்சைதான். இதையெல்லாம் வெறும் டிஎன்ஏவை வைத்து நிரூபிக்க முடியாது, உயிருள்ள கல்ச்சரை எடுத்து, ஜீனை நீக்கியும் சேர்த்தும், செடியில் அடித்துப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

நம் அளவில் அத்தனை பெரிதாகப் போக வேண்டாம். கேவுரு வரப்பில் அதன் சொந்தக்காரப் புல்லான எலூசின் இண்டிகா நிற்கிறது, அதன் இலையில் இருக்கும் கண் வடிவப் புள்ளியிலிருந்து எடுத்த பூஞ்சை கேவுருக்கு வருமா? ஒரு மில்லிக்கு ஒரு லட்சம் ஸ்போர் என்று கரைத்து, இலையில் ஒட்டிப் பரவத் துளி ட்வீன் (சோப்பு மாதிரிப் பொருள்) சேர்த்து அடித்து, ஓர் இரவு ஈரத்தில் மூடி வைத்தால் ஒரு வாரத்துக்குள் பதில் தெரிந்துவிடும். பதில் தெரிந்தால் வரப்புப் புல்லை எடுப்பதா வேண்டாமா என்று விவசாயிக்குச் சொல்ல நம் கையில் ஒரு விஷயம் இருக்கும். இதைவிட எளிமையாக, ஒரு சொட்டு ஸ்போர் கரைசலை பிளாஸ்டிக் கவர்ஸ்லிப்பில் விட்டு மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பாருங்கள், இலைத்தோலைத் துளைக்க அது கட்டும் கறுத்த குமிழ்கள் தெரியும். உள்ளே 80 வளிமண்டல அளவு வரை அழுத்தம் ஏறும் அந்தக் குமிழை முதல்முறை பார்த்த யாரும் தலைப்பை மாற்றிக்கொள்ள மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

குலைநோயிலும் ஒரு சிக்கல் உண்டு. பூஞ்சைகளின் இனம் காணப் பொதுவாகப் பார்க்கும் ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதியை மட்டும் வைத்து, நெல், கேவுரைத் தாக்கும் ஒரைசேவையும் டிஜிடேரியா புல்லைத் தாக்கும் க்ரீசியா என்ற சொந்தக்கார இனத்தையும் பிரித்துவிட்டேன் என்று எழுதக் கூடாது. 2002-ல் இரண்டையும் பிரித்தவர்கள் ஆக்டின், பீட்டா டியூபுலின், கால்மாடுலின் என்ற மூன்று ஜீன்களையும் பார்த்துத்தான் பிரித்தார்கள். பட்ஜெட்டில் அதற்கு இடம் விடுங்கள்.

பூச்செடிப் பக்கத்துக்கும் நியாயமாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. துருவைக் காயவைத்த இலையோடு காகித உறையில் போட்டு வைத்தால் வருஷக்கணக்காக டிஎன்ஏ கிடைக்கும், பழைய ஹெர்பேரியம் (உலர்செடிச் சேகரிப்பு) மாதிரிகளிலிருந்தே வரலாற்றைத் தோண்டலாம். செடியின் டிஎன்ஏவோடு கலந்து வருமே என்றால், துருவுக்கென்றே செய்த பிரைமர்கள் இருக்கின்றன. அப்புறம் பூச்செடி வியாபாரம் பெரும்பாலும் கட்டிங், நாற்று வழியாக நடப்பது. இலையில் ஒன்றும் தெரியாமல் உள்ளே ஒளிந்திருக்கும் நோயைப் பிசிஆரில் கண்டுபிடித்துக் கொடுத்தால் அது உடனே பயன்படும் வேலை. பாக்ஸ்வுட் என்ற வேலிச்செடியைக் கருக்கும் நோய் 1990-களில் பிரிட்டனில் தலைகாட்டி 2011-ல் அமெரிக்காவுக்கு வந்தது. அதில் ஒன்றல்ல இரண்டு இனம் இருக்கிறது என்று 2016-ல் பிரித்துச் சொன்னது மூலக்கூறு ஆராய்ச்சிதான். ஆக, இன அடையாளம், பரவிய பாதை, நோய் கண்டறியும் முறை, இவைதான் உங்கள் ஆசை என்றால் துருநோய் தாராளமாக எடுக்கலாம். வேலை வாய்ப்பில் எது மேல் என்று கேட்டால் நான் பார்த்த ஆட்கள் குறைவு, அதை வைத்துப் பொதுவாகச் சொல்ல மாட்டேன்.

பூதான் வேண்டும், ஆனால் கல்ச்சரும் வேண்டும் என்பவர்களுக்கு கனகாம்பரம் வாடல் நோயைப் பாருங்கள் என்பேன். அதை உண்டாக்கும் ஃபியூசேரியம் சொலானி பூஞ்சை மீடியத்தில் தாராளமாக வளரும், நம் பக்கத்துப் பெண்கள் தினம் வைக்கிற பூ, விவசாயிக்கும் அது நிஜமான நஷ்டம். அங்கேயும் ஐடிஎஸ் போதாது, டிஇஎஃப்1, ஆர்பிபி2 ஜீன்களைப் பார்க்க வேண்டும். வேரில் நூற்புழுவும் சேர்ந்து வருவதால் எது எதைச் செய்தது என்று பிரிக்கக் கொஞ்சம் பொறுமை தேவை. காலேஜ் லானில் வட்டம் வட்டமாகக் காயும் கொரியன் புல்லும் இதே மாதிரி சுலபமாகக் கல்ச்சர் எடுக்கக்கூடியதுதான், அதை உண்டாக்கும் ரைசோக்டோனியா பூஞ்சை சில நாளிலேயே தட்டு முழுக்கப் படர்ந்துவிடும். புல் என்றாலே சுலபம் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அருகம்புல்லில் வரும் துரு சாமந்தித் துருவைப் போலவே செடி கேட்கும்.

இந்த வருஷம் தலைப்பு முடிவு செய்பவர்கள், குலைநோய் என்றால் கார்த்திகை, மார்கழிக்குள் சாம்பிள் எடுத்துவிடும்படி திட்டமிடுங்கள், பனி விழும் இரவுகளில்தான் நோய் நன்றாகத் தெரியும். துரு என்றால் கைடிடம் கையெழுத்து வாங்கும் முன்னால், வளர்ப்பு அறை இருக்கிறதா, அதன் ஏசி ஜெனரேட்டர் லைனில் இருக்கிறதா, லீவு நாளில் யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று மூன்றையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.